விலக்கு வாங்கிய பஸ்

“எஃப்.சி. எங்க மேடம்?” என்று துறைமுக வாசலில் நின்ற காவலர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்படி யாராவது கேட்பார்கள் என்று அரசாணையின் நகலை ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ஒன்றை உருவி நீட்டினேன்.

“நாங்க கவர்மென்ட் காலேஜ். எங்க வண்டிக்கு விலக்கு இருக்கு, பாத்துக்கோங்க.”

குரலில் மிடுக்கு இருந்தது. மறைக்க விரும்பவில்லை. அந்த விலக்கை எங்கள் கல்லூரிக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

காவலர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அரசாணையை அப்படி நிதானமாகப் படித்த ஒருவரை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது ஃபீஸ் கட்டாண்டாம்னுல்லா போட்டிருக்கு மேடம். நான் கேக்கது சர்ட்டிபிகேட். வண்டிய ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டி வாங்கியிருப்பியள்லா, அது.”

கொண்டுபோய்க் காட்டி. அந்த வார்த்தையில் என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸைக் கடைசியாக எப்போது கொண்டுபோய்க் காட்டினோம் என்று யோசித்தேன்.

நான் ஜெபசெல்வி. நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். தப்பில்லாமல் எழுதுவதும் தப்பு கண்டுபிடிப்பதும் எங்கள் வீட்டுச் சொத்து. தூத்துக்குடியில் ஓர் அரசு மகளிர் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். கல்லூரியின் பெயர் வேண்டாம், விசாரணை இன்னும் முடியவில்லை.

அன்றைக்கு வணிகவியல் மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரைத் துறைமுகம் பார்க்க அழைத்து வந்திருந்தோம். கூட வரவேண்டிய பேராசிரியைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. அனுமதிச் சீட்டில் தேதியை மாற்ற முடியாது. பெண் ஊழியர் ஒருவர் கட்டாயம் போகவேண்டும் என்று முதல்வர் என்னை அனுப்பிவைத்தார். அந்த பஸ்ஸின் கோப்பைப் பத்து வருஷமாகப் பார்த்து வருகிற நான் அந்த பஸ்ஸில் ஏறியது அன்றைக்குத்தான்.

எஃப்.சி. என்பது வண்டிக்குத் தகுதிச் சான்று. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்துவிட்டு, ஓடலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தக் கட்டணத்தைக் கருவூலத்தில் கேட்டு நான் ஒரு கடிதம் போடுவேன். கடிதம் போட்டதும் டிரைவருக்குச் சொல்லுவேன். டிரைவர் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவார். அரசு வண்டிக்கு ஒர்க்‌ஷாப் என்பதே எஃப்.சி.யை ஒட்டித்தான். நடுவில் எது கெட்டாலும் ‘எஃப்.சி. வேலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அரசுக் கல்லூரிகள் வண்டிக்கு எந்தக் கட்டணமும் கட்டவேண்டாம் என்று ஆணை வந்தது. எங்கள் பஸ்ஸுக்கு அதை எழுதிப் போட்டு வாங்கியவள் நான். ஆணையை நான் தப்பாகப் படிக்கவில்லை. கட்டணம்தான் இல்லை, சோதனை உண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் செலவு இருந்தால்தான் கோப்பு நகரும். மார்ச் வந்தது, கேட்கவேண்டிய பணம் இல்லை, அதனால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாததால் டிரைவருக்குச் சொல்லவில்லை. ‘விலக்கு பெறப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கோப்பை நானே கட்டி வைத்தேன். முதல்வர் ஊழியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். கைதட்டினார்கள்.

அடுத்த மார்ச்சிலும் கடிதம் இல்லை. அதற்கடுத்த மார்ச்சிலும் இல்லை. இரண்டு வருஷத்தில் என் மனசுக்குள் அது ‘பஸ்ஸுக்கே விலக்கு’ என்று ஆகிவிட்டிருந்தது.

“வண்டிய எடுங்க மேடம், பின்னால லாரி நிக்கி” என்றார் காவலர். அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் உப்பு லாரியும் கன்டெய்னர் லாரியுமாக வரிசை நின்றது. ஒவ்வொருவனும் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன்.

“உள்ள விடமாட்டாவளா மேடம்?” என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

“ஒரு பேப்பர் விட்டுப்போச்சு. இன்னொரு நாள் வருவோம்” என்றேன். அவர்களுக்கு ஏமாற்றம் ரெண்டு நிமிஷம்தான். பஸ் திரும்பி உப்பளங்களுக்கு நடுவே போகிற சாலையில் ஏறியதும் பின் சீட்டிலிருந்து பாட்டு தொடங்கிவிட்டது.

நான் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. ஒப்பந்தத்தில் இருப்பவர், வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும். பேச்சு குறைவு. முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. அவர் பிரேக்கை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். மூன்றாவது மிதியில்தான் பஸ் பிடித்து நின்றது. லாரியின் பின்பலகை கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

“என்ன அண்ணாச்சி, எதுக்கு மூணு தடவ மிதிக்கிய?”

“அது அப்படித்தான் மேடம். பெடல் கீழ போகுது. ரெண்டு மூணு மிதி மிதிச்சா ஏறி வந்துரும்.”

“எவ்வளவு நாளா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பதுபோல ஒரு பார்வை. “லாக் புக்குல எழுதிக்கிட்டுத்தான வாரேன். நீங்க கையெழுத்துப் போடுதியள்லா.”

லாக் புக் டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. வாரத்துக்கு ஒரு தடவை என் மேசைக்கு வரும் புத்தகம்தான். கிலோமீட்டரையும் டீசலையும் மட்டும் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட்டு அனுப்புவேன். அதில் தப்பு வந்தால்தானே தணிக்கையில் பிடிப்பார்கள். வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் படிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

படித்தேன். ‘பிரேக் பைப் துரு. எஃப்.சி.க்கு மாற்றணும்.’ கீழே ஜெ.செ. பக்கத்தைத் திருப்பினேன். ‘பிரேக் ஆயில் குறையுது. பைப் கசிவு. எஃப்.சி. எப்போ என்று கேட்கணும்.’ கீழே ஜெ.செ. அடுத்த பக்கத்திலும் ஜெ.செ. பதினான்கு இடத்தில் அந்த மனிதர் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார். பதினான்கு இடத்திலும் என் அழகான கையெழுத்து இருந்தது.

எங்கள் பஸ் நிற்கிற கொட்டகை உப்பளத்தின் ஓரம். அந்தக் காற்றில் ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் உதிர்ந்துவிடும். அடியில் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே லாக் புக்கை மூடினேன்.

“அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க.”

“இங்கன எப்படி நிறுத்த? பின்னால டேங்கர் வாரான்.”

கண்ணாடியில் பார்த்தேன். கேஸ் டேங்கர் ஒன்று எங்கள் முதுகை ஒட்டி வந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒதுங்க ஓரமே இல்லை. எதிரே ரயில் பாதைக்கு மேலே ஏறுகிற பாலம் தெரிந்தது. ஏறுவது பெரிய விஷயமில்லை. இறங்குகிற இடத்தில் சிக்னல் இருக்கிறது, அங்கே எந்த நேரமும் பத்து வண்டியாவது நிற்கும். காலையில் வரும்போது நான் அந்த இடத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“பாலத்துக்கு முன்னால நிறுத்தணும் அண்ணாச்சி. கட்டாயம் நிறுத்தணும்.”

என் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். அவர் முகம் மாறியது. “பாலத்துக்கு இங்கிட்டு ஒரு எடை மேடை இருக்கு. அங்கன ஒதுக்கிருதேன். பிள்ளையள எந்திரிக்காண்டாம்னு மட்டும் சொல்லுங்க.”

நான் எழுந்து பின்னால் திரும்பினேன். நாற்பத்தொரு முகம். கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். “ஏளா, எல்லாரும் உக்காருங்க. முன் சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கோங்க” என்றேன். “என்ன மேடம், ரோலர் கோஸ்டரா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே ஏசப்பா, ஏசப்பா என்பதைத் தவிர ஒன்றும் ஓடவில்லை.

அண்ணாச்சி கியரைக் குறைத்தார். பஸ் முனகியது. மறுபடி குறைத்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார், நாலு, அஞ்சு, ஆறு. லாரிகளை நிறுத்தி உப்பு எடை போடுகிற அந்த மேடை இடது பக்கம் வந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்து ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். பஸ் மண்ணில் இறங்கிக் குலுங்கி, எடை மேடைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றது. டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் பாலத்தில் ஏறிப் போனது.

அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிள்ளைகளை இறக்கினேன். “வண்டியில சின்ன ரிப்பேரு” என்றேன். எடை மேடைக்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் டீ குடிக்கிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியில். பதினொரு மணி வெயில். உப்புக் குவியலெல்லாம் கண்ணில் குத்தியது. நான் இரண்டு தடவை எண்ணினேன். நாற்பத்தொன்று.

பிறகு முதல்வருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன், வேறு பஸ் அனுப்புங்கள் என்றேன்.

“வேற பஸ்ஸுன்னா என்ன காரணம்னு எழுதுவீங்க?” என்று கேட்டார்.

“எஃப்.சி. இல்லன்னு.”

“எத்தன வருஷமா இல்லன்னு கேப்பாங்க. கோப்பை முடிச்சது யாருன்னு கேப்பாங்க. பேப்பர்ல வரும். யோசிச்சுப் பாருங்க ஜெபசெல்வி. காலையில அதே வண்டியிலதான போனீங்க? ஒண்ணும் ஆகலல்ல? மெதுவா, இருபதுல வரச் சொல்லுங்க. வந்ததும் உடனே ஒர்க்‌ஷாப்ல விட்டுருவோம். யாருக்கும் தெரியவேண்டாம்.”

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் சண்டை போட்டிருக்கவேண்டும். நான் சண்டைக்காரிதான். பியூன் தேதி போடாமல் கடிதம் கொண்டுவந்தால் மாடிவரைக்கும் கேட்கிறமாதிரி கத்துவேன். ஆனால் கோப்பை முடித்தது யார் என்ற அந்த ஒரு கேள்வி என்னை அடக்கிவிட்டது. சஸ்பென்ஷன் ஆணை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் என் பெயர் எந்த வரியில் வரும் என்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

காலையில் வந்தோமே. அப்போது ஒன்றும் ஆகவில்லையே. தினமும் பழைய பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு இதே வண்டிதானே ஓடுகிறது. இருபதில் போனால் என்ன ஆகிவிடும்? மனசு வக்கீல் வைத்து வாதாடியது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாலத்தை மட்டும் பார்க்கவில்லை, முதுகைக் காட்டி நின்றேன்.

“சரிங்க சார்” என்றேன். போனை வைத்தேன்.

“ஏறுங்கம்மா, போலாம்” என்று பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

அப்பாடா என்று ஓடிவந்தார்கள். வெயிலுக்கு பஸ்ஸே மேல் என்று முண்டியடித்து ஏறினார்கள். அண்ணாச்சி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் சொல்லிட்டாரு. இருபதுல போங்க” என்றேன். அவர் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. ஒப்பந்த ஊழியர், பேசமாட்டார். ஏறி உட்கார்ந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று பேர் ஏறியிருப்பார்கள். எஞ்சினைப் போட்டார். கியரில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பிரேக்கை அழுத்தி மிதித்தார்.

டப் என்று அடியில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. சோடா மூடி திறக்கிற சத்தம் அளவுதான். அவர் கால் பெடலோடு தரைவரைக்கும் போய் நின்றது. இன்னொரு தடவை மிதித்தார். பெடல் மேலே வரவே இல்லை.

எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “எல்லாரும் இறங்குங்கம்மா” என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கி, குனிந்து, பஸ்ஸுக்கு அடியில் பார்த்தோம். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குழாய் வாய் பிளந்திருந்தது. எண்ணெய் சக்கரத்தில் வழிந்து வெள்ளை மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி உடைந்த இடத்தை விரலால் தொட்டார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“நிறுத்தும்போது நெறைய மிதிச்சேம்லா, அதுல முக்காவாசி போயிருக்கும்” என்றார். “மிச்சம் இந்தா போயிட்டு. இப்ப மிதிச்சுப் பாக்கலன்னா எறக்கத்துலதான் போயிருக்கும்.”

எடை மேடையின் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் திரும்பிப் பாலத்தைப் பார்த்தேன். உச்சியில் ஒரு வண்டி ஏறி அந்தப் பக்கம் மறைந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று.

யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. அனுசியா. முன் வரிசையில் இருந்தவள், முதலில் ஏறியவள். ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

“பிரேக்கா மேடம்?”

“ஆமா.”

“காலையில வரும்போதே இப்படித்தான் இருந்துச்சா?”

இல்லை, இப்போதுதான் போனது என்று சொல்லிவிடலாம். வாயில் அந்தப் பொய் தயாராகவே இருந்தது. ஆனால் பத்தடி தூரத்தில் அண்ணாச்சி கையில் துருவோடு நின்றார்.

“ஆமா” என்றேன்.

“நேத்து?”

“நேத்தும்.”

“நான் மூணு வருஷமா டெய்லி இதுலதான் வாரேன்” என்றாள். என்னிடம் சொன்னமாதிரி இல்லை, தனக்குத்தானே கணக்குப் பார்த்துக்கொண்டமாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் எண்ணெய் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உங்களுக்குத் தெரியுமா மேடம்?” என்று கேட்டாள்.

“அண்ணாச்சி எழுதி வச்சிருந்தாரு. நான் படிக்கல. பாலத்துக்கு முன்னாலதான் படிச்சேன்.”

“அப்ப எங்கள இறக்கும்போது தெரியும்.”

“தெரியும்.”

“பெறகு ஏன் மறுபடி ஏறச் சொன்னிய?”

அவள் குரலில் கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கொட்டகைக்குள் நின்ற பிள்ளைகளும் பேச்சை நிறுத்தி இந்தப் பக்கம் பார்த்தார்கள். முதல்வர் சொன்னார் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் ஏறுங்கம்மா என்று கூப்பிட்டது என் வாய்.

“பயமா இருந்துச்சுளா” என்றேன்.

“பயமா இருந்தா ஏத்தியிருக்க மாட்டியள்லா மேடம்?”

“அந்தப் பயம் இல்ல. என் வேல போயிருமோன்னு.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். மற்றவர்கள் நின்ற இடத்துக்கு நடந்தாள், நான் சொன்னதை அவர்களிடம் சொல்லத் தொடங்கினாள். நான் அவளைத் தடுக்கவில்லை.